பூட்டு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பணியிடக் கதவுகளின் பாதுகாப்பு குறித்து ஒரு பாடம்

பெங்களூரின் தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்த கிளையொன்றில் கடன் பிரிவை நான் கவனித்து வந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை, வாடிக்கையாளர் ஒருவர் வந்து என் எதிரே அமர்ந்தார். மின்கம்பிகளையும் சுவிட்சுகளையும் மொத்த விற்பனை செய்பவர். பல்லாண்டுகளாக ரொக்கக் கடன் கணக்கு வைத்திருந்தவர். சனிக்கிழமை இரவு அடைத்த கிடங்கைத் திங்கள் காலை திறந்தபோது, செம்புக் கம்பிச் சுருள்கள் அடுக்கியிருந்த பகுதி வெறுமையாக இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன்னர்தான் விலையுயர்ந்த பூட்டு ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். அந்தப் பூட்டு ஒரு கீறலுமின்றிக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டுடன் மூன்று சாவிகள் வந்திருந்தன. ஒன்று அவரிடம், மற்றொன்று கிடங்கு மேற்பார்வையாளரிடம். மூன்றாவதைச் சரக்கு இறக்கும் பணியைக் கவனித்தவரிடம் கொடுத்திருந்தார். அவர் மூன்று மாதங்களில் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். சாவியைத் திரும்பப் பெற வேண்டும் என்பது எவருக்கும் நினைவில்லை. களவுக்குப் பயன்பட்டது அந்தச் சாவிதானா, அதன் நகலா, வேறொன்றா என்பது இறுதிவரை தெளிவாகவில்லை. கதவோ பூட்டோ உடைக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லாததால் காப்பீட்டுத் தொகையும் கிடைக்கவில்லை. கடனை அவர் தம் சேமிப்பிலிருந்து அடைத்தார். “பூட்டில் ஒரு குறையும் இல்லை, சார்” என்று அவர் அன்று சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

கடைக்குச் சென்று “நல்ல பூட்டு எது?” என்று கேட்பது நம் வழக்கம். அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எந்தக் கதவுக்கு, எந்த இழப்பைத் தடுக்க என்பது முதற்கேள்வி. சாவி யார் யாரிடம் இருக்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை கண்ட பின்னரே பூட்டின் வகையையும் விலையையும் ஆராய்வது பொருளுடையதாகும். கடை, கிடங்கு, பட்டறை, அலுவலகம் ஆகியவற்றை நடத்தும் வாடிக்கையாளர்கள் அந்த வரிசையில் சிந்திக்க இக்கட்டுரை உதவும்.

பூட்டு தருவது காலம்

1851-ஆம் ஆண்டு இலண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அந்நகரில் பிராமா நிறுவனத்தின் கடைச் சாளரத்தில் ஒரு பூட்டு பல்லாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. சாவியின்றி அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்பும் உடன் இருந்தது. கண்காட்சிக்கு வந்திருந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் அதைத் திறந்து காட்டினார். அதற்கு அவருக்குப் பதினாறு நாட்களில் பரவிய சுமார் 51 மணி நேரம் தேவைப்பட்டது.

திறக்கவே இயலாத பூட்டு என்று ஒன்று இல்லை என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது. அதில் மற்றொரு பாடமும் உண்டு. எவரும் தடுக்காத நிலையில், கருவிகளுடன் அமர்ந்த ஒரு வல்லுநரையே அப்பூட்டு 51 மணி நேரம் தடுத்து நிறுத்தியது. இரவில் ஒரு கடையின் முன் நிற்கும் திருடனுக்கு அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை. சில நிமிடங்களுக்குள் கதவு திறக்கவில்லையெனில், அல்லது திறக்கும் முயற்சியில் பெரும் ஓசை எழுமெனில், அவன் விலகிச் செல்லவே வாய்ப்பு மிகுதி.

ஆகவே பூட்டு நமக்கு விற்பது காலம். அந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும்: இரவுக் காவலர், ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவி, விளக்கொளி படும் தெரு, விழித்திருக்கும் அண்டை வீட்டார். இவற்றுள் எதுவுமில்லாத இடத்தில் உறுதியான பூட்டும் களவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. ஊருக்கு ஒதுக்குப்புறமான கிடங்குக்குப் பூட்டு வாங்கும்போது, அதே நாளில் ஒரு விளக்கைப் பற்றியும் எச்சரிக்கைக் கருவியைப் பற்றியும் சிந்திப்பது நன்று.

முதலில் கதவைப் பாருங்கள்

பூட்டைத் திறக்கும் கலை பயில்வதற்குப் பல மாதங்கள் ஆகும். கடப்பாரையைப் பயன்படுத்த எவரும் பயில வேண்டியதில்லை. நம் நாட்டில் கதவுகள் பெரும்பாலும் பூட்டின் நுட்பத்தில் தோற்பதில்லை. பூட்டைத் தாங்கும் இடத்திலேயே தோற்கின்றன. ஆகவே பின்வருவனவற்றை வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

நிலைச்சட்டம்: கதவு எத்துணைக் கனமானதாயினும், நிலை சுவரோடு உறுதியாகப் பிணைக்கப்படவில்லையெனில் ஓர் உந்தலில் பெயர்ந்துவிடும். கறையான் அரித்த மரநிலையில் புதிய பூட்டைப் பொருத்துவது வீண் செலவு. பூட்டின் நாக்கு சென்று நுழையும் துளையைச் சுற்றி இரும்புத் தகடு இருத்தல் வேண்டும். அத்தகட்டின் திருகாணிகள் மேற்பரப்பைக் கடந்து நிலையின் உட்பகுதிவரை செல்லும் நீளமுடையனவாக இருத்தல் வேண்டும்.

கீல்கள்: வெளிப்புறமாகத் திறக்கும் கதவில் கீலின் அச்சாணி வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்றினால், பூட்டைத் தொடாமலேயே கதவைப் பெயர்க்கலாம். கழற்ற இயலாத அச்சாணியுள்ள கீல்கள் கிடைக்கின்றன; அல்லது கீல் பக்கத்தில் கதவிலிருந்து நிலைக்குள் நுழையும் எஃகு முளைகளைப் பொருத்தலாம்.

கொண்டியும் நாதாங்கியும்: தொங்குபூட்டின் வலிமை அது மாட்டப்படும் கொண்டியின் வலிமையை விஞ்சாது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த பூட்டு, நான்கு சிறு திருகாணிகளால் பிடிக்கப்பட்ட மெல்லிய தகட்டில் தொங்குவதைச் சரக்கு ஆய்வுக்குச் சென்ற இடங்களில் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் திருகாணிகளின் தலைகளும் வெளிப்புறமே நோக்கியிருக்கும். திருப்புளி ஒன்று போதும். பூட்டு அப்படியே கையோடு வந்துவிடும். கொண்டியைக் கதவின் மறுபுறம்வரை ஊடுருவும் போல்ட்டுகளால் பிணைத்து, உட்புறம் நட்டு இறுக்க வேண்டும். பூட்டிய நிலையில் எந்தத் திருகாணியின் தலையும் வெளியே தெரியக் கூடாது.

ஷட்டர்: கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஷட்டரே முதற்காவல். இரு ஓரங்களில் மட்டும் பூட்டினால், நடுப்பகுதியை நெம்புகோலால் உயர்த்தி ஓர் ஆள் நுழையும் இடைவெளியை உண்டாக்கிவிட முடியும். அகலமான ஷட்டருக்கு ஓரங்களோடு நடுவிலும் தரையோடு பிணைக்கும் பூட்டு வேண்டும். தரையில் பதிக்கப்படும் வளையம் காங்கிரீட்டில் ஆழமாக ஊன்றப்பட வேண்டும். ஓடுகளின் மீது திருகப்பட்டால் பயனில்லை.

இவற்றுக்குப் பின் கூரையையும் சாளரங்களையும் பாருங்கள். தகரக் கூரையின் ஓரத் தகட்டைக் கழற்றி உள்ளே இறங்க வழியிருந்தால், முன்வாசல் பூட்டுக்குக் கொடுத்த பணம் மனநிறைவை மட்டுமே தரும்.

பூட்டின் வகைகளை அறிதல்

இந்தியாவில் பூட்டு என்றதும் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். ஒன்று உத்தரப் பிரதேசத்தின் அலிகார். பூட்டு நகரம் என்றே பெயர் பெற்றது. மற்றொன்று நம் திண்டுக்கல். கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மும்பையில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் தொடங்கிய தொழிலும் பூட்டுத் தயாரிப்பிலேயே வளர்ந்தது. ஆக, நல்ல பூட்டுக்கு நாம் வெளிநாட்டை நோக்க வேண்டியதில்லை. எதைக் கேட்டு வாங்குவது என்பது தெரிந்தால் போதும்.

லீவர் பூட்டு: உள்ளே பல தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். உரிய சாவி அவை ஒவ்வொன்றையும் சரியான உயரத்திற்கு உயர்த்தினால்தான் நாக்கு நகரும். பூட்டின் மேல் 6 லீவர், 7 லீவர், 8 லீவர் என்று குறிக்கப்பட்டிருப்பது இந்தத் தகடுகளின் எண்ணிக்கையே. எண்ணிக்கை கூடக்கூட, மற்றொரு பூட்டின் சாவி இதற்குப் பொருந்தும் வாய்ப்பு குறைகிறது. தூசியும் மழைச்சாரலும் உள்ள இடங்களில் இவ்வகை நெடுங்காலம் உழைக்கும்.

பின் பூட்டு: சிறிய உருளைக்குள் வில்லின் அழுத்தத்தில் நிற்கும் முளைகளைச் சாவியின் பற்கள் ஒரே மட்டத்திற்குக் கொணரும். மரத்தாலான முளைகளைக் கொண்டு இதே கருத்தில் பழங்கால எகிப்தியரும் பூட்டுச் செய்தனர். அதற்கு இன்றைய வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான லைனஸ் யேல் தந்தார். அலுவலகக் கதவுகளில் இன்று பெரும்பாலும் இவ்வகையே காணப்படுகிறது. பற்களுக்கு மாறாகக் குழிகள் உள்ள சாவியைக் கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் சாவி என்பர். அதில் கணினி எதுவும் இல்லை; இதுவும் பின் பூட்டின் ஒரு வகையே. தெருவோரத்தில் நகலெடுப்பது சற்றுக் கடினம் என்பது இதன் நன்மை.

கதவினுள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டு: இதன் உடல் கதவின் தடிப்புக்குள் மறைந்திருப்பதால் உடைப்பது கடினம். ஆனால் மெல்லிய கதவில் இதற்காகக் குடையும்போது கதவே அவ்விடத்தில் வலுவிழக்கும். உருளையின் முனை கைப்பிடித் தகட்டுக்கு வெளியே நீண்டிருந்தால், குறடால் பற்றி முறித்துவிடலாம். தகட்டோடு சமமாக அமையும் நீளத்தையே தேர்ந்தெடுங்கள்.

வில் நாக்கும் கட்டை நாக்கும்: கதவைச் சாத்தியதும் தானே பொருந்திக்கொள்ளும் சாய்முனை நாக்கு வசதிக்கானது. இடைவெளியில் நெகிழும் அட்டையைச் செருகி அதைப் பின்னுக்குத் தள்ள இயலும். சாவியைத் திருப்பினால் மட்டுமே நகரும் சதுரமுனைக் கட்டை நாக்கை அவ்வாறு தள்ள முடியாது. ஆகவே இரவில் காவலின்றி விடப்படும் எந்தக் கதவும் கட்டை நாக்கினாலேயே பூட்டப்பட வேண்டும். அந்நாக்கு நிலைக்குள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நுழைவது விரும்பத்தக்கது.

தொங்குபூட்டு: இதில் கவனிக்க வேண்டியது வளைகம்பி. கடினப்படுத்தப்பட்ட எஃகினால் ஆனதா, தடிப்பு போதுமானதா எனப் பாருங்கள். வெட்டுக் கருவி நுழைய இடமில்லாதவாறு, வளைகம்பியின் பெரும்பகுதியைப் பூட்டின் உடலே மூடியிருக்கும் வகையும் உண்டு. ஷட்டருக்கும் கிடங்குக்கும் அதுவே ஏற்றது.

வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கேளுங்கள். தொங்குபூட்டுகளுக்கு ஐ.எஸ். 275 என்ற தரவரையறையும், கதவில் செங்குத்தாகப் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டுகளுக்கு ஐ.எஸ். 2209 என்ற தரவரையறையும் உள்ளன. உறைமீது அச்சிட்ட புகழுரையினும் இந்த எண் நம்பத்தக்கது.

அறைக்கேற்ற காவல்

எல்லாக் கதவுகளுக்கும் ஒரே விலையுள்ள பூட்டை வாங்குவது சிக்கனமுமன்று, பாதுகாப்புமன்று. பணியிடத்தை வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லும் வளையங்களாக எண்ணிப் பாருங்கள். சுற்றுச்சுவர் வாயில் முதல் வளையம், கட்டடக் கதவு இரண்டாவது, உள்ளறை மூன்றாவது, இரும்புப் பெட்டி நான்காவது. ஒவ்வொரு வளையமும் திருடனின் நேரத்தைக் கூட்ட வேண்டும். நான்குக்கும் ஒரே சாவிக்கொத்து என்றால் நான்கும் ஒரு வளையமே.

பணப்பெட்டி உள்ள அறைக்குக் கட்டை நாக்குள்ள மார்ட்டிஸ் பூட்டும் தானே மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். கணக்கேடுகளும் சொத்து ஆவணங்களும் உள்ள அறையில் களவைவிடக் கவனக்குறைவே பெரும் அபாயம். அங்கே யார் எப்போது சென்றார் என்பது பதிவாகும் ஏற்பாடு மேலானது. கணினி வழங்கி உள்ள அறைக்கும் அதுவே பொருந்தும்.

முகப்பில் கண்ணாடிக் கதவு உள்ள அலுவலகங்கள் இன்று மிகுதி. அதன் அடியில் உள்ள பூட்டு பகற்பொழுதுக்கானது. கைப்பிடிகளைப் பிணைக்கும் வளைவுப் பூட்டு உறுதியாகத் தோன்றினாலும், கண்ணாடி உடைந்தால் தடுக்க எதுவும் இராது. கண்ணாடிக் கதவுக்கு முன்னே இரவில் ஷட்டரையோ மடக்குக் கதவையோ இழுத்துப் பூட்டுவதே முறை.

பின்வாசலை மறவாதீர்கள். முன்வாசலுக்குச் செய்த செலவில் ஒரு பகுதியையும் பெறாத, குப்பை கொட்டவும் தேநீர் வாங்கவும் மட்டுமே திறக்கப்படும் கதவு அது. உள்ளே பழகியவர் அறிந்த வழியும் அதுவே.

மின்னணுப் பூட்டுகள்

அட்டை, விரல்ரேகை, எண்குறி ஆகியவற்றால் திறக்கும் பூட்டுகள் ஒரு பெரும் சிக்கலைத் தீர்க்கின்றன. பணியாளர் விலகும் நாளில் அவருடைய அனுமதியை நீக்கினால் போதும். பூட்டை மாற்ற வேண்டியதில்லை. யார், எந்த நேரத்தில் நுழைந்தார் என்பதும் பதிவாகிறது. எனினும் வாங்குமுன் நான்கு செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மின்சாரம் நின்றால் என்ன நேரும்? அலுவலகங்களில் பரவலாக உள்ள மின்காந்தப் பூட்டு 270 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட இழுவிசையைத் தாங்க வல்லது. ஆனால் மின்சாரம் உள்ளவரைதான். மின்தடையின்போது துணை மின்கலமும் தீர்ந்தால் கதவு திறந்துகொள்ளும். உயிர்ப் பாதுகாப்புக்காக அவ்வாறே அமைக்கப்பட்டது அது. ஆகவே இரவுக் காவலுக்கு மின்காந்தத்தை மட்டும் நம்புவது தவறு. மூடும் நேரத்தில் சாவியுள்ள பூட்டு ஒன்றும் இடப்பட வேண்டும்.

இரண்டாவது, பழைய வகை அருகாமை அட்டைகள் பலவற்றை எளிய கருவியால் நகலெடுக்கலாம். மறைகுறியாக்கம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, கைவேலை செய்வோரின் விரல்ரேகை தேய்ந்திருக்கும். சிமெண்ட், எண்ணெய், உலோகத் துகள் ஆகியவை படியும் கைகளைக் கருவி அடிக்கடி ஏற்காது. அதனால் கதவைக் கல்லால் அண்டை கொடுத்துத் திறந்தே வைக்கும் வழக்கம் உண்டாகும். பயன்படுத்துவோருக்கு இடையூறான பூட்டு விரைவில் பூட்டாகவே இராது.

நான்காவது, தொழிற்சாலையில் இடப்பட்ட தொடக்கக் கடவுச்சொல்லைப் பொருத்திய அன்றே மாற்ற வேண்டும். விரல்ரேகை என்பது பணியாளரின் சொந்தத் தரவு. அதைத் திரட்டுபவர் அதைக் காக்கவும், தேவை முடிந்ததும் அழிக்கவும் கடமைப்பட்டவர்.

உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டும்

பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் மிகக் கொடிய தவறு, வெளியேறும் கதவைப் பூட்டுவது. 1997 ஜூன் 13 அன்று டெல்லியின் உபகார் திரையரங்கில் நேர்ந்த தீவிபத்தில் 59 பேர் உயிரிழந்தனர். வெளியேறும் வழிகள் அடைபட்டும் தாழிடப்பட்டும் இருந்தமை அப்பேரிழப்பின் காரணங்களுள் ஒன்று. 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டபோதும் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. பணியாளர்கள் பொருளைத் திருடிச் செல்லக்கூடும் என்ற ஐயமே அதைப் பூட்டுவதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

வெளியேறும் கதவு, உள்ளே இருப்பவரால் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. இதற்கென்றே உட்புறத்தில் குறுக்குக் கம்பி அமைந்த பூட்டு உண்டு. வெளியிலிருந்து அது பூட்டிய கதவு; உள்ளிருந்து கம்பியை உடலால் அழுத்தினாலே திறக்கும் கதவு. எவரேனும் அதைத் திறந்தால் ஒலியெழுப்பும் கருவியையும் இணைக்கலாம். அப்போது களவு அச்சமும் தீரும், உயிருக்கும் ஆபத்தில்லை. மின்காந்தப் பூட்டு உள்ள கதவுக்கு அருகே, அவசரத்தில் மின் இணைப்பைத் துண்டிக்கும் விசை இருத்தல் வேண்டும். தீ எச்சரிக்கை ஒலிக்கும்போது பூட்டு தானே விடுபடுமாறும் இணைக்க வேண்டும்.

இரவுப் பணியாளர்களை உள்ளே வைத்து வெளியிலிருந்து பூட்டும் வழக்கம் சிறு பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பணியாளரின் பாதுகாப்புக்காகவே அவ்வாறு செய்வதாக உரிமையாளர் கூறுவார். தீ பற்றினால் சாவி இருப்பவர் வந்து சேரும்வரை அது காத்திருக்காது. இந்த வழக்கம் உங்கள் இடத்தில் இருக்குமாயின், இக்கட்டுரையில் நீங்கள் முதலில் செயற்படுத்த வேண்டியது இப்பகுதியே.

சாவியைக் காப்பது எப்படி?

வங்கியின் காப்பறையை ஓர் அலுவலர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவிகள், இரண்டு பொறுப்பாளர்கள். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். சாவி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் கையொப்பம் இடப்படும். மாற்றுச் சாவிகள் முத்திரையிடப்பட்டு வேறொரு கிளையின் காவலில் இருக்கும். எவரையும் ஐயுறுவதற்காக ஏற்பட்ட முறையன்று இது. ஏதேனும் நேர்ந்தால் நேர்மையானவர் மீது ஐயம் விழாமல் காப்பதும் இதன் பயன்.

சிறு நிறுவனம் ஒன்று இதனை எளிய வடிவில் பின்பற்றலாம். கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும். ஒவ்வொரு சாவிக்கும் ஓர் எண் இடுங்கள். கதவின் பெயரையோ நிறுவனத்தின் முகவரியையோ சாவியில் எழுதாதீர்கள். யாரிடம், எந்த நாளில், யார் கொடுத்தார் என்று எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பணி விலகுவோருக்குக் கடைசி மாத ஊதியக் கணக்கை முடிக்கும் தாளில், சாவி திரும்பப் பெறப்பட்டது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால், பெங்களூர் வாடிக்கையாளரின் கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

சாவி திரும்பி வந்தாலும் அதன் நகல் வெளியே இல்லை என்பதற்கு உறுதியில்லை. எனவே முக்கியக் கதவின் சாவியை வைத்திருந்தவர் விலகினால், பூட்டின் உருளையை மாற்றிவிடுவது நன்று. மார்ட்டிஸ் பூட்டில் உருளையை மட்டும் தனியே மாற்ற முடியும். முழுப் பூட்டையும் வாங்குவதைவிடச் செலவு குறைவு. வாங்கும்போதே இந்த வசதி உள்ளதா எனக் கேளுங்கள். கடையை வாடகைக்கு எடுத்த முதல் நாளிலும் இதைச் செய்ய வேண்டும். முன்பிருந்தவர் எத்தனை சாவிகள் வைத்திருந்தார் என்பதை வீட்டு உரிமையாளரும் அறியார்.

எல்லாக் கதவுகளையும் திறக்கும் முதன்மைச் சாவி வசதியானதே. ஆனால் அது தொலைந்தால் எல்லாப் பூட்டுகளும் தொலைந்ததற்குச் சமம். பணப்பெட்டி அறையை அந்தத் தொகுதியில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பெட்டியின் சாவியை அதே அறையின் மேசை அறையில் வைத்துவிட்டுச் செல்வது, பெட்டியைத் திறந்தே வைத்துச் செல்வதற்கு ஒப்பாகும்.

காப்பீடும் பூட்டும்

வங்கிக் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட சரக்குக்குக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். அந்த ஆவணத்தைப் பூட்டை மனத்தில் கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். கன்னக்களவுக் காப்பீடு பொதுவாக, வன்முறையுடன் கூடிய நுழைவு நிகழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஆவணம் அவ்வாறு வரையறுத்திருக்கையில், வன்முறையின்றி நிகழ்ந்த வெறும் திருட்டு அதனுள் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இரும்புப் பெட்டியை அதன் சொந்தச் சாவியால் திறந்து எடுக்கப்பட்ட பணத்துக்கும், அச்சாவி தாக்கியோ அச்சுறுத்தியோ பறிக்கப்பட்டாலன்றி, இழப்பீடு இல்லை என்ற விதி இவ்வாவணங்களில் வழக்கமாக உள்ளது. பணியாளரின் நம்பிக்கைத் துரோகத்தால் வரும் இழப்புக்கு வேறு வகைக் காப்பீடு தேவை.

இதன் பொருள் தெளிவானது. உடைக்கப்பட்ட பூட்டால் நேரும் இழப்பைக் காப்பீடு ஏற்கக்கூடும். கவனமின்றிக் கைமாறிய சாவியால் நேரும் இழப்பு பெரும்பாலும் உங்களுடையதே.

களவு நேர்ந்துவிட்டால் பூட்டையும் கதவையும் தொடாதீர்கள். காவல் துறைக்குத் தகவல் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக் கிளைக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். உடைந்த பூட்டை அப்புறப்படுத்திவிடாமல் காத்து வையுங்கள். நுழைவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று. பூட்டு வாங்கிய ரசீதும் உதவும்.

ஒரு மாலை நேரப் பயிற்சி

இந்த வாரத்தில் ஒரு மாலை, பணியாளர்கள் சென்ற பின் நிறுவனத்தை மூடிவிட்டு வெளியே நின்று பாருங்கள். கையில் ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

1. கட்டடத்தைச் சுற்றி வந்து, உள்ளே நுழையக்கூடிய வழிகள் அனைத்தையும் எழுதுங்கள். சாளரம், கூரை, பின்வாசல் எதையும் விடாதீர்கள்.

2. ஒவ்வொரு கதவிலும், வெளியே தெரியும் திருகாணிகளையும் கீல்களின் அச்சாணிகளையும் எண்ணுங்கள்.

3. ஒவ்வொரு பூட்டுக்கும் எத்தனை சாவிகள், அவை யார் யாரிடம் என்று எழுதுங்கள். பெயர் தெரியாத சாவி ஒன்று இருந்தாலும் அந்தப் பூட்டை மாற்ற வேண்டும் எனக் குறியுங்கள்.

4. உள்ளே சென்று விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வெளியேறும் கதவையும் சாவியின்றித் திறந்து பாருங்கள். இருளிலும் புகையிலும் அது திறக்குமா என்பதே சோதனை.

5. ஒவ்வோர் அறையிலும் உள்ள பொருளின் மதிப்பைத் தோராயமாக எழுதி, மதிப்பின் வரிசையில் பழுதுகளைச் சரிசெய்யத் தொடங்குங்கள்.

பெரும்பாலோருக்கு முதலில் தேவைப்படுவது சில நீண்ட திருகாணிகள், சில போல்ட்டுகள், ஒரு விளக்கு, ஒரு குறிப்பேடு ஆகியவையே என்பது அந்தத் தாளிலிருந்து தெரிய வரும். அவற்றுக்குப் பின் புதிய பூட்டு தேவையெனில், எந்தக் கதவுக்கு எவ்வகை வேண்டும் என்பதை அறிந்தவராகக் கடைக்குச் செல்வீர்கள். பெங்களூர் வாடிக்கையாளரும் பின்னர் அவ்வாறே செய்தார். அடுத்த ஆண்டு சரக்கு ஆய்வுக்காக நான் அவர் கிடங்குக்குச் சென்றபோது, வாசலருகே ஆணியில் ஒரு குறிப்பேடு தொங்கியது. முதற்பக்கத்தில் இரண்டே சாவிகள், இரண்டு பெயர்கள், இரண்டு கையொப்பங்கள். பூட்டின் உடல் பழையதே. உள்ளிருந்த உருளை மட்டும் புதியது.